புதுப்பிப்பு: ஹாரி பாட்டரில் இடிக்கும் தேதிகள்

போன பதிவில் நான்காம் புத்தகத்தின் கல்லறைக் காட்சியைச் சொல்லியிருந்தேன். வில்லன் வோல்டமார்ட்டின் மந்திரக்கோலால் கொல்லப்பட்டவர்கள், கடைசியாக இறந்தவரில் தொடங்கிப் பின்னோக்கி, நிழல்களாக அதிலிருந்து வெளியே வருகிறார்கள். ஹாரியின் அப்பா ஜேம்ஸ் இறந்த பிறகுதான் அம்மா லில்லி இறந்தாள், ஆகவே அவள்தான் முன்னால் வர வேண்டும். 2000-இல் வந்த ஆரம்ப அச்சுகளில் ஜேம்ஸ் முந்திவிடுகிறார். பின்னால் திருத்திவிட்டார்கள்.

இதுபோல வேறென்ன தவறு இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இன்னும் இரண்டு. தலை முழுதாகத் துண்டாகாத பேய் நிக், முதல் புத்தகத்தில் ஏறக்குறைய நானூறு வருஷமாகச் சாப்பிடவில்லை என்கிறார். இரண்டாம் புத்தகத்தில் அவருடைய ஐந்நூறாவது இறந்தநாள் விழா! கேக்கில் 31 அக்டோபர் 1492 என்று எழுதியிருக்கிறது. முதல் புத்தகத்து நானூறையும் பிந்தைய பதிப்புகளில் ஐந்நூறாக்கிவிட்டார்கள். அந்த கேக்கை வைத்துத்தான் ரசிகர்கள் கதை நடக்கும் வருஷத்தையே கணக்குப் போட்டார்கள், இரண்டாம் புத்தகம் 1992 என்று.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது, முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துச் செவ்வாய்க்கிழமை. ஹாரியின் பெற்றோர் கல்லறையில் 31 அக்டோபர் 1981 என்று பொறித்திருக்கிறது. அந்த அத்தியாயம் நடப்பது மறுநாள், அது காலண்டரில் ஞாயிறு. கதையில் செவ்வாய். ஒரு சொல்லை மாற்றிச் சரிசெய்யவும் முடியாது, ஏனென்றால் ஹாரியின் பெரியப்பா வெர்னன் டர்ஸ்லி அன்று டிரில் மெஷின் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். வழியில் தெரு முனையில் வரைபடம் படிக்கும் பூனையைப் பார்க்கிறார். ஞாயிறாக்கினால் இந்தக் காட்சியே போய்விடும். அது செவ்வாயாகவே இருக்கட்டும்.