மறுமொழி: 'கெரென்சியா'வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

ஸ்பானியக் காளைப்போர்க் கட்டுரையைத் தோழி வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுத்தாக வேண்டும் என்பதால், அதில் வரும் 'கெரென்சியா' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த 'புகலிடம்', 'சேக்கை' என்னும் இரண்டு பரிந்துரைகளையும் நான் ஏன் ஏற்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

தொரில் என்னும் காளைக் கொட்டடியின் கதவு வழியே களத்துக்குள் வரும் காளை, குத்துப்பட்டுக் களைக்கும்போது, மணற்பரப்பில் ஓரிடத்தைத் தனதாக்கிக்கொண்டு மீண்டும் மீண்டும் அங்கேயே போய் நிற்கும். அந்த இடமே அதன் 'கெரென்சியா'. பெரும்பாலும் அது காளை வந்த கதவின் பக்கமாகவோ மரத்தடுப்பின் ஓரமாகவோ இருக்கும். சற்றுமுன் குதிரையை முட்டிச் சாய்த்த இடமாகவும் இருக்கலாம். பின்புறத்தைத் தடுப்பு காக்க, தானாகப் பாயாமல், நெருங்கி வருபவனுக்காகக் காத்திருக்கும் அந்தக் காளை மிகவும் ஆபத்தானது; அதனால்தான் வீரர் துணியை அசைத்து அதை நடுக்களத்துக்கு இழுக்கப் பார்க்கிறார். அஞ்சி ஒளிவதைக் காட்டும் 'புகலிடம்' இந்தக் காளைக்குப் பொருந்தவில்லை. 'சேக்கை' அருமையான பழஞ்சொல்தான். ஆனால் அது துயிலிடம், இன்றைய வாசகருக்கு அடிக்குறிப்பில்லாமல் விளங்காது.

இரண்டுமே இடத்தை மட்டும் சொல்கின்றன என்பது பெரிய குறை. 'விரும்பு' எனப் பொருள்படும் 'கெரேர்' என்னும் ஸ்பானிய வினையிலிருந்து பிறந்தது இச்சொல். அவ்வினைக்கு மூலமான லத்தீன் 'குவைரெரே'வுக்குத் 'தேடு' என்று பொருள். '-என்சியா' நம் தொழிற்பெயர் விகுதி போன்றது. ஆகவே வளர்ந்த இடத்துக்கோ பழகிய இடத்துக்கோ திரும்பத் துடிக்கும் விழைவே முதற்பொருள்; இடம் அதன்வழி வந்தது. தேடுவதையும் விரும்புவதையும் 'நாடு' என்னும் ஒரே வினை நமக்குத் தருகிறது! ஓடு, ஓட்டம் போல நாடு, நாட்டம். விழைவுக்கு 'நாட்டம்' என்றும் இடத்துக்கு 'நாடுமிடம்' என்றும் வைக்கலாம். 'நாடிடம்' என்ற வினைத்தொகையை விரும்பினேன். நாடித்துடிப்பை நினைவூட்டுகிறது என்று புலவர் ஐயா சொன்னதை ஏற்றுக் கைவிட்டேன்.

தொல்காப்பியக் களவியலில் 'நாட்டம்' கண்ணைக் குறிக்கிறது என்ற அவரது மற்றொரு தடையை மட்டும் ஏற்க இயலவில்லை. இன்று 'இசையில் நாட்டம்' என்றால் யாரும் கண்ணை நினைப்பதில்லை.

பெரும்பான்மையோர் 'புகலிடம்' என்றே முடிவு செய்தால், முதலில் வரும் இடத்திலாவது 'கெரென்சியா' என்ற மூலச்சொல்லையும் சேர்த்து எழுதும்படி தோழியை வேண்டுகிறேன்.