தோட்டத்து மோட்டாருக்கு முழு லினக்ஸ் அவசியமா?

கேள்வி:
மோட்டாரை போனிலிருந்து ஓட்ட, 512 எம்பி ராம் உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில் டெபியன் என்ற முழு லினக்ஸைப் போட்டேன். கரண்ட் போய் வந்தால் சில நாள் பூட் ஆவதில்லை. ஆறு மாதத்தில் மூன்று எஸ்டி கார்டு காலி. "பழைய ஸ்டார்ட்டருக்கு என்ன குறை?" என்கிறார் அப்பா. லினக்ஸை விட்டுவிடலாமா?

பதில் 1:
லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு கெடும். கார்டில் சிஸ்டம் இருக்கும் பகுதியான ரூட் பார்ட்டிஷனை எழுத முடியாதபடி மவுண்ட் செய்து (இணைத்து), மேலே ஓவர்லேஎஃப்எஸ் என்ற அடுக்கைப் போட்டு, எழுதுவதெல்லாம் ராமுக்குப் போகும்படி செய்யுங்கள். மாற்றங்கள் ராமோடு நின்றுவிடும், கரண்ட் போனால் அழிந்துவிடும். சிஸ்டம் உறைந்தால் தானே ரீஸ்டார்ட் செய்யும் வாட்ச்டாக்கையும் இயக்கிவிடுங்கள்.

பதில் 2:
டெபியனே எதற்கு? சிறிய லினக்ஸைக் கட்டித்தரும் பில்ட்ரூட் என்ற கருவியில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு), உங்கள் புரோகிராம் மட்டும் போதும். சில எம்பியில் முடிந்துவிடும். ஆனால் டெபியனில் புரோகிராம்களை நிறுவித்தரும் ஆப்ட் இதில் கிடையாது, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முழு சிஸ்டம் இமேஜை நீங்களே கட்ட வேண்டும்.

பதில் 3:
மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ஒரு ரிலேவுக்கா இத்தனை பாடு? இஎஸ்பி32 என்ற சின்ன சிப்பில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற குட்டி இயங்குதளம் போதுமே. 2024-இல் வந்த லினக்ஸ் 6.12 கர்னலில் ரியல்டைம் (குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும்) வசதியும் சேர்ந்துவிட்டது, உண்மைதான். தண்ணீர் இறைக்க அது எதற்கு?

கேட்டவர்:
ஓவர்லே போட்டு, பத்து தடவை மெயினை அணைத்துப் பார்த்தேன். பத்தும் எழுந்தது! ஆனால் மோட்டார் ஓடிய நேரக் கணக்கும் சேர்ந்து அழிகிறது. அதற்கு எழுதக்கூடிய தனி பார்ட்டிஷன் ஒதுக்க வேண்டும். அப்பா மட்டும் பழைய ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனைக் கழற்ற விடவில்லை.