முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல்: 4 லட்சம் கேட்கிறார்கள், கட்டலாமா?

போரூர்_செல்வி:
அம்மாவுக்கு 54 வயது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). அதைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சிசிபி இரண்டும் பாசிட்டிவ். நான்கு மாதமாக இதற்கு வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறார். மணிக்கட்டு வீக்கம் வடியவில்லை. வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து ரத்த நாளத்தில் ஏற்றினால் மாத்திரையே வேண்டாம் என்கிறது ஒரு கிளினிக். 4 லட்சம். கட்டலாமா?

ரகு_மருந்தியல்:
கட்டாதீங்க. முடக்குவாதத்துக்கு இது அனுமதி பெற்ற சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, இதுபோன்றவற்றை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ தளத்தின் பதிவு எண் கேளுங்க, அந்தத் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எண் கொடுத்தாலும் எந்த நோய்க்கான ஆய்வுன்னு படிங்க. முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம்ப்யூசெல் என்ற ஸ்டெம் செல் மருந்து அனுமதி வாங்கியிருக்கு. அதைக் காட்டி நம்ப வைப்பாங்க. தேய்மானம் வேறு, நம்ம எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குற இந்த நோய் வேறு.

ரத்த நாளத்தில் ஏற்றும் செல்களில் பெரும்பகுதி நுரையீரல் நுண்குழாய்களிலேயே மாட்டிக்கிட்டு சில நாளில் அழிஞ்சுடும். கூடவே ஸ்டீராய்டு போட்டிருந்தால் வலி குறையும், செல்தான் வேலை செய்யுதுன்னு தோணும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் எலும்பு அரிப்பு உள்ளே தொடரும். அரிச்ச எலும்பு திரும்ப வளராது. எனக்குப் பெரிய பயமே அதுதான்.

தேன்மொழி_மூட்டியல்:
செல்வி, மெத்தோட்ரெக்ஸேட்டையே இன்னும் முழுசாகப் பயன்படுத்தவில்லை. 15 மி.கி.க்கு மேல் மாத்திரையாகக் கொடுத்தால் குடல் உறிஞ்சும் விகிதம் குறையும். அதனால் தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாற்றி, 20 முதல் 25 மி.கி. வரை ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தவறி தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வேறொரு நாளில். அளவை ஏற்றும் காலத்தில் ரத்த அணுக்கள், எஸ்ஜிபிடி (கல்லீரல்), கிரியாட்டினின் (சிறுநீரகம்) பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போரூர்_செல்வி:
நன்றி மேடம். ஊசியிலும் அடங்காவிட்டால்?

தேன்மொழி_மூட்டியல்:
சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைகளைச் சேர்ப்பார்கள். அடுத்தது இரு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் 40 மி.கி. ஊசி, அல்லது தினம் இருவேளை டோஃபாசிட்டினிப் 5 மி.கி. மாத்திரை. இவற்றில் எதைத் தொடங்கும் முன்பும் நெஞ்சு எக்ஸ்ரே, டிபிக்கான மாண்டூ அல்லது இக்ரா, ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகள் கட்டாயம். இல்லாவிட்டால் இந்த மருந்துகளால் மறைந்திருக்கும் டிபி கிளம்பிவிடலாம். அம்மாவுக்கு இதய நோய் இருந்தால் டோஃபாசிட்டினிப் பேச்சு வரும்போதே சொல்லிவிடுங்கள்.

ரகு_மருந்தியல்:
செலவு இடிச்சால், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாதத்துக்கென்றே தனித் துறை இருக்கு. பழைய ரிப்போர்ட், கை எக்ஸ்ரே, இப்போ சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துட்டுப் போங்க.