6-பி பெற்றோர் குழு

தியா அம்மா: பையில் ஒரு தாள் வந்ததா? மூன்றாவது மொழி பற்றிக் கருத்து எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். இவள் அதைத் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்து மூலையெல்லாம் ஊறிப்போய்க் கொண்டு வந்திருக்கிறாள். அடுத்த வருடம் இந்தியையே எடுத்துவிடுகிறார்கள் என்று வேன் அண்ணா சொன்னாராம், உண்மையா?

நிலா அப்பா: எடுத்தால் நல்லது.

கவின் அப்பா: எதற்கு எடுக்கணும்? இவ்வளவு ஃபீஸ் கட்டிச் சேர்த்ததே அதற்காகத்தான்.

நிலா அப்பா: மச்சான், அது உங்கள் கூட்டணிப் பேச்சு.

கவின் அப்பா: நிலா சாயங்காலம் இந்தி டியூஷன் போகிறாளே, அது எந்தக் கூட்டணி?

கவின் அம்மா: அண்ணா, விடுங்கள். நீங்களும் விடுங்கள். 2019இல் நம் வேலூர் எம்பி தேர்தல் ஏப்ரலில் நின்று ஆகஸ்டுக்குப் போனதே, அதில் ஆரம்பித்தது, நிச்சயதார்த்தப் பந்தியில்கூட இருவரும் முகம் பார்க்கவில்லை.

கவின் அப்பா: வித்தியாசம் 8,141 ஓட்டுதான்.

நிலா அப்பா: ஜெயித்தது ஜெயித்ததுதான்.

அஸ்வின் தாத்தா: அனைவருக்கும் வணக்கம். பொறுமையாகப் படியுங்கள். இரு மொழிக் கொள்கை 1968இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றத் தீர்மானமாக வந்தது. அதனால்தான் அரசுப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். நம்முடையது சிபிஎஸ்இ, இங்கே மூன்றாவது மொழி உண்டு, ஆனால் அது இந்தியாகத்தான் இருக்கணும் என்று 2020 கல்விக் கொள்கையிலும் இல்லை. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்து, 2015-16 முதல் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக நீண்டது, ஆகவே தமிழைப் பற்றிப் பயம் வேண்டாம். தோல் ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, நகைக்கடை என்று வசதியான வீடுகள்தான் இங்கே அதிகம், எல்லாக் கட்சியும் இருக்கிறது. பிள்ளை என்ன படிப்பது என்பதைக் கட்சி ஆபீஸ் சொல்ல வேண்டாம். பிள்ளையைக் கேளுங்கள்.

ஃபைசல் அப்பா: சரி சார். உருது கிடைக்குமா? பேரணாம்பட்டில் எங்கள் அம்மா வீட்டில் எல்லோரும் உருதுதான், இவனுக்கு ஒரு எழுத்து தெரியாது.

தியா அம்மா: கேட்கலாம் பாய். அப்புறம், வேன் ஏன் லேட்?

கவின் அம்மா: கிரீன் சர்க்கிளில் நிற்கிறதாம்.

நிலா அப்பா: தினமும் அங்கேதான் நிற்கிறது. யாராவது மனு கொடுக்கணும்.

கவின் அப்பா: உங்கள் எம்பியிடம் கொடுங்கள்.

அஸ்வின் தாத்தா: தம்பி...

கவின் அம்மா: சனிக்கிழமை பிரின்சிபாலைப் பார்ப்போம். அதுவரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். யார் யார் வருகிறீர்கள்?

கவின் அப்பா: நான் போட்டு அனுப்பிவிட்டேனே.

நிலா அப்பா: நானும்.

தியா அம்மா: சனிக்கிழமை எங்களுக்கு ரத்தினகிரியில் காதுகுத்து. திங்கள் வைக்கலாமா?