போர்வெல் தண்ணீரில் துவைத்து அலுத்துவிட்டது, ஃப்ரன்ட் லோடு மெஷின் வாங்கலாமா?

தண்டையார்பேட்டை ரெண்டாம் மாடி

வாடகை வீடு, மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர். செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஏழு வருடமாக ஓடுகிறது. மாதம் மூன்று கிலோ பவுடர் காலி, வாரத்தில் ஐந்து நாள் துவைக்கிறேன், அப்படியும் பையனுடைய வெள்ளைச் சட்டை மஞ்சளடிக்கிறது, துண்டெல்லாம் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது. குழாயில் வருவது போர் தண்ணீர்தான். மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர் வேண்டுமென்றால் கீழே சம்ப்பிலிருந்து குடத்தில் தூக்க வேண்டும். தவணையில் ஃப்ரன்ட் லோடு எடுத்தால் பவுடரும் மிச்சம், நேரமும் மிச்சம் என்று கடையில் சொன்னார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார், அதாவது வேண்டாம் என்று அர்த்தம். என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை அக்கா

வாங்காதே கண்ணு, முதலில் தண்ணீரைப் பார். ஒரு பாட்டிலில் பாதி போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி மெட்ரோ தண்ணீர் எடுத்துக்கொள். குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவி இரண்டிலும் போட்டுக் குலுக்கு. போர் பாட்டிலில் நுரை நிற்காமல் பால் திரிந்த மாதிரி மிதந்தால் அது கடினத் தண்ணீர், அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்பைத் தின்றுவிடுகிறது. பவுடர் சோப்பு மாதிரி அப்படித் திரியாது, ஆனாலும் அதன் வேகம் குறையும். நுரை வரவில்லையே என்று நாம் மேலும் ஒரு கை அள்ளிக் கொட்டுவோம், அது சரியாக அலசப்படாமல் துணியிலேயே தங்கும், துண்டு விறைப்பது அதனால்தான்.

நான் செய்வது இது. துவைக்கப் போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் மெட்ரோ. துவைத்ததும் நேராக அலசாமல் ஒரு நிமிடம் ஸ்பின்னில் போட்டு சோப்புத் தண்ணீரை வெளியேற்றிவிடு, பிறகு அலசினால் ஒரு அலசல் தண்ணீர் குறையும், இதைச் செய்யாததால்தான் பாதிப் பேருக்கு முதுகு போகிறது. பவுடர் தண்ணீரையும் ஒரே தடவையில் கொட்டாதே: முதலில் வெள்ளை, அதே தண்ணீரில் கலர், கடைசியில் மிதியடி, கரித்துணி. சாயம் போகிற புதுத் துணி மட்டும் தனி. இப்படிச் செய்தால் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இரவு முழுக்க ஊறவைக்கிற பழக்கமும் வேண்டாம், அரை மணி நேரம் தாராளம்.

மெஷின் தம்பி, மணலி

அக்கா சொல்வது சரி. மெஷின் ரிப்பேர் என் தொழில், அதனால் வாங்காதே என்று சொல்ல எனக்கே மனசில்லை, ஆனால் இந்தத் தண்ணீரில் ஃப்ரன்ட் லோடு வாங்கினால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு கட்டும், அப்புறம் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் என்பது உண்மைதான்.

ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சுடுதண்ணீர் பட்டனைத் தொடாதீர்கள். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றவே அரை யூனிட் கரன்ட் போகும். மே மாதம் மதியம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியுமா? அதுதான் இலவச ஹீட்டர், அந்த நேரத்தில் துவையுங்கள். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் ரேட் ஏறுகிறது, அந்தக் கோட்டில் நிற்கிற வீட்டுக்கு இந்த அரை அரை யூனிட்டும் பெரிய விஷயம்.

ராயபுரம்காரன்

மஞ்சள் கறைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் அப்படி ஆகும். பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகும், நான் இரண்டு வேட்டியை அப்படித்தான் கெடுத்தேன். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கிடைக்கும், ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன், வெள்ளைத் துணி மட்டும் அரை மணி நேரம். பிளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

அப்புறம் காயப்போடுவது. எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் துணி பிசுபிசு என்று ஆகிவிடும், காலையிலேயே போட்டு மதியத்துக்குள் எடுத்துவிடுவேன். சட்டையை நன்றாக உதறி, ஹேங்கரில் மாட்டி, காலரையும் பட்டன் பட்டியையும் கையால் நீவிவிட்டால் பாதிச் சட்டைக்கு இஸ்திரி வண்டிக்காரரிடம் போக வேண்டாம்.

தண்டையார்பேட்டை ரெண்டாம் மாடி

எல்லோருக்கும் நன்றி. மெஷின் வாங்கவில்லை. ஸ்பின் போட்டு அலசிப் பார்த்தேன், துண்டு இன்று மடிந்தது! குடம் தூக்குவது இனி வீட்டுக்காரர் வேலை, அவர் இஷ்டம். பாட்டில் சோதனையில் போர் தண்ணீர் அக்கா சொன்ன மாதிரியே திரிந்துவிட்டது. அதை மேடையில் வைத்துவிட்டு வந்தேன், மாமியார் மோர் என்று நினைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார். நல்லவேளை, யாரும் குடிக்கவில்லை.