டொமைன் பெயர் யார் கையில் இருக்கணும்? எங்க சங்கத்துக்கு டாட் காமா, டாட் இன்னா, டாட் இந்தியாவா?

எல்லைத்தோப்பு (கேள்வி)

கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னை விவசாயிகள் சங்கம் ஒண்ணு. உறுப்பினர்கள் பாதிப்பேர் சித்தூர் தாலுகா, மீதிப்பேர் கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம். இளநீர், தேங்காய், கொப்பரை விலையை அன்னன்னிக்குப் போட ஒரு தளம் தொடங்கணும். கமிட்டியில் தளத்தோட முகவரிப் பெயரிலேயே, அதாவது டொமைனிலேயே, முட்டிக்கிச்சு.

டாட் காம் போதும்னு ஒருத்தர். அது அமெரிக்காக்காரன் கையில இருக்கு, அரசாங்கத்தோட டாட் இன் தான் பத்திரம்னு இன்னொருத்தர். இளவட்டம் தமிழில் டாட் இந்தியா கேக்குது. அப்படின்னா மலையாளத்தில் டாட் பாரதமும் வேணும்ங்கறாங்க சித்தூர்க்காரங்க.

இதையெல்லாம் உண்மையில் ஆளுறது யாருங்க? யார் ஆண்டா நம்மள மாதிரி ஆளுகளுக்கு நல்லது? வெப் டிசைனர் தம்பி, "என் அக்கவுண்ட்லயே எடுத்துத் தர்றேன்"ங்கறார். விடலாமா?

வேர்மண்டலம்

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: விடாதீங்க. காரணத்தைக் கீழே யாராவது எழுதுவாங்க. நான் முதல் கேள்விக்கு வர்றேன்.

ஒரே ஆள் கையில் எதுவும் இல்லை. உச்சியில் ரூட் ஜோன்னு ஒரு மூலப் பட்டியல். அதில் டாட் காம், டாட் இன் மாதிரியான வால்களின் பட்டியல்தான் இருக்கும், உங்க பெயர் இருக்காது. அந்தப் பட்டியலில் என்ன மாறணும்னு பார்க்கிறது ஐயானா. அது ஐகேனின் கீழ் நடக்குது. ஐகேன் 1998இல் கலிபோர்னியாவில் பதிவான லாபநோக்கில்லாத நிறுவனம். பட்டியலைத் தொகுத்து வெளியிடுறது வெரிசைன். அதை உலகத்துக்குச் சொல்றது 13 பெயருள்ள ரூட் சர்வர்கள். நடத்துறது 12 அமைப்புகள்.

அமெரிக்க வணிகத்துறைக்கு இதில் ஒப்பந்தப் பிடி இருந்தது உண்மை. 2016 அக்டோபர் 1 அன்னிக்கு அது முடிஞ்சுபோச்சு.

அடுத்த படி ரெஜிஸ்ட்ரி, அதாவது ஒரு வாலில் உள்ள எல்லாப் பெயருக்கும் பதிவேடு வைக்கிற அமைப்பு. டாட் காமுக்கு வெரிசைன். டாட் இன், டாட் இந்தியா, டாட் பாரதம் எல்லாத்துக்கும் இந்திய அமைப்பான நிக்ஸி. அதுக்குக் கீழே உங்களுக்கு விக்கிற ரெஜிஸ்ட்ரார். கடைசியில் ரெஜிஸ்ட்ரன்ட்னு பதிவாகிற ஆள். சங்கம் பயப்பட வேண்டியது இந்தக் கடைசி ரெண்டு படிக்குத்தான். ரூட்டில் இருந்து உங்க தளத்தை மட்டும் தனியா யாரும் எடுக்க முடியாது.

வாளையாறு வழி

அவ்வளவு லேசா விட்டுட முடியாதுங்க. வெரிசைன் வர்ஜீனியாக் கம்பெனி. அமெரிக்க நீதிமன்றம் உத்தரவு போட்டா, உலகத்தில் எங்கே வாங்கின டாட் காமா இருந்தாலும் ரெஜிஸ்ட்ரியிலேயே முடக்கலாம். 2010இல் இருந்தே அந்த நாட்டு அரசு அப்படிப் பல பெயர்களைப் பறிமுதல் பண்ணியிருக்கு. நம்ம பஞ்சாயத்தை நம்ம கோர்ட்டில் பேசணும்னா நிர்வாகம் நம்ம அரசுகிட்ட இருக்கணும். இந்தியா 2011இல் ஐநா பொதுச்சபையில் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்: அரசுகள் உட்கார்ந்து முடிவெடுக்கிற ஒரு குழு.

அரசு கையில் இருக்கிற நன்மைக்கு, வங்கிகளுக்கு மட்டும்னு வச்ச பேங்க் டாட் இன் உதாரணமே போதும். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவிச்சு, அக்டோபர் 31க்குள் வங்கிகள் மாறணும்னு சொல்லிடுச்சு. பதிவு, ரிசர்வ் வங்கி தொடங்கின ஹைதராபாத் ஐடிஆர்பிடி நிறுவனம் வழியா மட்டும். கண்டவனும் வங்கிப் பெயரில் அதை வாங்க முடியாது. டாட் காமில் இந்தக் கட்டுப்பாட்டை யார் போடுவாங்க?

வேர்மண்டலம்

பேங்க் டாட் இன் நல்ல ஏற்பாடுதான், மறுக்கலை. அது ஒரு வாலுக்குள் போட்ட வேலி. ரூட்டையே அரசுகளின் ஓட்டுக்கு விடுறது வேற விஷயம். 2022இல் ரஷ்யாவோட டாட் ஆர்யூவை நீக்கச் சொல்லி உக்ரைன் கேட்டுச்சு, ஐகேன் மறுத்துடுச்சு. அரசுகள் ஓட்டுப்போடுற சபையா இருந்திருந்தா அன்னிக்கு என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த முறை யாரை நீக்கச் சொல்வாங்கன்னு சொல்ல முடியாது. இந்தியாவும் 2015இல் பல தரப்பும் சேர்ந்து ஆளுற முறையை ஆதரிக்கிறதா அறிவிச்சுடுச்சு.

அதுக்காக ஐகேன் சுத்தத் தங்கம்னு சொல்ல வரலை. தொண்டு நிறுவனங்கள் அதிகம் வாங்குற டாட் ஆர்க் கதையைப் பாருங்க. 2019 ஜூனில் அதன் விலை உச்சவரம்பை எடுத்தாங்க. அதே வருஷம் நவம்பரில், அதை நடத்துற அமைப்பை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விக்கப்போறதா அறிவிப்பு. உலகம் பூரா தொண்டு நிறுவனங்கள் கத்தின பிறகு, கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் கடிதம் எழுதின பிறகு, 2020 ஏப்ரல் 30இல்தான் ஐகேன் தடுத்துச்சு. உலகப் பொதுச்சொத்தைக் காப்பாத்த ஒரு மாநில அதிகாரியின் கடிதம் தேவைப்பட்டது எனக்கு உறுத்துது. ரெஜிஸ்ட்ரார்களுக்கு வெரிசைன் விக்கிற டாட் காம் மொத்தவிற்பனை விலையும் வருஷத்துக்கு 7.85 டாலரில் இருந்து நாலு உயர்வில் 2024 செப்டம்பரில் 10.26 ஆச்சு. ஏத்திக்க ஒப்பந்தமே வழிவிட்டிருக்கு.

நிக்ஸியும் மின்னணு அமைச்சகத்தின் கீழ்தான் நடக்குது. பெயர் வாங்கினவங்க ஓட்டுப்போட்டு அனுப்புற ஆள் அங்கேயும் இல்லை. ரூட் ஐகேன்கிட்டயே இருக்கட்டும். விலைக்கும் முடக்கத்துக்கும் மட்டும் வெளியே இருந்து கேள்வி கேட்கிற ஏற்பாடு ரெண்டு பக்கமும் வேணும்ங்கறது என் கட்சி. டாட் இன் வாங்கினா முடக்க உத்தரவே வராதுன்னு நினைச்சுக்காதீங்க. வர்ஜீனியாவுக்குப் பதிலா டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருந்து வரும். வக்கீல் பிடிக்கப் பக்கம், அவ்வளவுதான்.

பொள்ளாச்சி ரோடு

பெரிய அரசியலை அவங்க பார்த்துக்கட்டும். சங்கத்துக்கு வேண்டியது இது.

டாட் இன்னை முதன்மையா வையுங்க. காசு இருந்தா அதே பெயரில் டாட் காமும் எடுத்து டாட் இன்னுக்குத் திருப்பி விடுங்க. டாட் இந்தியாவும் அப்படியே: மூட்டையிலும் பேனரிலும் தமிழில் அச்சடிக்க அருமை, ஆனா மின்னஞ்சலை அதில் வைக்காதீங்க. தமிழ் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏத்துக்கிறதில்லை. தளத்தை வைக்கிற ஹோஸ்டிங்கிலும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் அது எக்ஸ்என்னும் ரெண்டு கோடும் போட்டுத் தொடங்குற ஆங்கில வடிவத்தில்தான் பதிவாகும், பார்த்துப் பயந்துடாதீங்க. தமிழ்ப் பெயர் வாங்கினா மலையாளப் பெயர் கூடவே வராது. அது தனிப் பதிவு, தனிக் காசு.

ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்ட் சங்கத்தின் பெயரில் திறக்கணும். ரெஜிஸ்ட்ரன்ட் இடத்தில் சங்கத்தின் பதிவுப் பெயர், சங்கப் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி. டிசைனர் தம்பிக்கு டிஎன்எஸ் (பெயர் எந்த சர்வருக்குப் போகணும்ங்கற அமைப்பு) மாத்துற உரிமை மட்டும் கொடுங்க. அவர் பெயரில் இருந்தா சட்டப்படி பெயர் அவருது. நாளைக்கு மனஸ்தாபம் வந்தா தளம் அவரோட போயிடும்.

தொடர்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீங்க. டொமைன் காலாவதியானா மின்னஞ்சலும் சாகும், புதுப்பிக்கச் சொல்ற கடிதமும் வந்து சேராது. செயலாளர், பொருளாளர் ரெண்டு பேரும் பார்க்கிற வெளி முகவரி ஒண்ணு போதும்.

டாட் காம் வாங்கின கையோட சரிபார்ப்பு மெயில் வரும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்கலைன்னா பெயரை நிறுத்தி வைக்கலாம். தளம் திடீர்னு காணாமப்போச்சுன்னு வர்ற புகாரில் நிறைய இதுதான்.

காலக்கெடு: அதிகபட்சம் 10 வருஷத்துக்கு வாங்கலாம். டாட் காம் காலாவதியானா 45 நாள் வரை சாதாரண விலையில் மீட்க இடமுண்டு, ஆனா அது ரெஜிஸ்ட்ராரின் விருப்பம். சிலர் அதுக்குள்ளேயே ஏலத்தில் விட்டுடுவாங்க. அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், பல மடங்கு கட்டணம். அதுக்கு மேல 5 நாள் யாரும் தொட முடியாது. பிறகு சந்தைக்கு வந்துடும்.

ரெஜிஸ்ட்ரார் மாறணும்னா அக்கவுண்டில் இருக்கிற மாற்றப் பூட்டை எடுத்துட்டு ஆத் கோடு (மாத்துறதுக்கான ரகசியக் குறி) கேளுங்க. டாட் காமுக்கு 5 நாளுக்குள் கொடுத்தாகணும்ங்கறது ஐகேன் விதி. வாங்கின முதல் 60 நாள் மாத்த முடியாது. டிஎன்எஸ் பதிவுகளை வச்சிருக்கிற நேம்சர்வரையும் சேர்த்து மாத்துறதா இருந்தா எம்எக்ஸ் பதிவை (மெயில் எங்கே போகணும்னு சொல்றது) முன்னாடியே குறிச்சு வையுங்க, இல்லைன்னா தளம் ஓடும், மெயில் நிக்கும்.

வேற ஒருத்தர் உங்க பெயரைப் பிடிச்சு வச்சிருந்தா, நடுவர் வழியா மீட்கிற முறை உண்டு: டாட் காமுக்கு யூடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி. முன்னதில் கெட்ட எண்ணத்தோட வாங்கினதும் பயன்படுத்தினதும் ரெண்டையும் காட்டணும். பின்னதில் ஏதாவது ஒண்ணு போதும். டாட் இன்னை முதன்மையா வைக்கச் சொன்னதுக்கு இது பாதிக் காரணம். யூடிஆர்பி வழக்கை ஜெனீவாவில் இருக்கிற வைப்போவில் (ஐநாவின் அறிவுசார் சொத்து அமைப்பு) போட்டா, ஒரே நடுவர் விசாரிக்கிற வழக்குக்கே கட்டணம் 1500 டாலர். டொமைன் பெயருக்கும் வணிகக் குறி மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லியிருக்கிறதால், உள்ளூர் கோர்ட் வழியும் இருக்கு.

எல்லைத்தோப்பு

நன்றிங்ணா. சங்கப் பெயர் "ஸ்ரீ"ன்னு தொடங்குது. தமிழ் டொமைனில் அப்படியே அடிக்கலாமா?

பொள்ளாச்சி ரோடு

அங்கேதான் கவனம். ஸ், ரீ சேர்ந்த ஸ்ரீயும், கிரந்த ஶ எழுத்தில் அடிச்ச ஶ்ரீயும் திரையில் ஒண்ணு போலத் தெரியும். உள்ளே குறியீடு வேற. ஒரு கீபோர்டு ஒண்ணை அடிக்கும், இன்னொண்ணு மற்றதை. உறுப்பினர் சரியாத்தான் அடிச்சிருப்பார், தளம் திறக்காது. ஒ போட்டுப் பக்கத்தில் ள அடிச்சா ஔ மாதிரித் தெரியிறதும், தமிழ் எண் ௧ பார்க்க க மாதிரி இருக்கிறதும் இதே தொல்லைதான். முடிஞ்சா ஸ்ரீயை விட்டுட்டு ஊர்ப்பெயரில் தொடங்குங்க.