தரவுத்தளம் மெதுவா, நெட்வொர்க் மெதுவா? அளப்பதில் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒரு சர்வரிலும் செயலி இன்னொரு சர்வரிலும் ஓடுகின்றன. ஒற்றை இணைப்பு வைத்து, தரவுத்தள சர்வரிலேயே பிஜிபெஞ்ச் (போஸ்ட்கிரெஸின் வேகச் சோதனைக் கருவி) ஓட்டினால் வேகம் அமோகம். அதையே செயலி சர்வரிலிருந்து ஓட்டினால் படுத்துவிடுகிறது. நெட்வொர்க் குழுவோ ஐபெர்ஃப்3 என்ற நெட்வொர்க் சோதனைக் கருவியின் முடிவைக் காட்டி, "எங்கள் பக்கம் குறையே இல்லை" என்று கையை விரிக்கிறது.

இரண்டு தரப்பும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன என்பது என் எண்ணம். ஐபெர்ஃப்3 சொல்வது விநாடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பதை. ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பும் நேரத்தை அல்ல. பிஜிபெஞ்சின் வழக்கமான பரிவர்த்தனையில் (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பில்) தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் பிகின், எண்ட் உட்பட 7 கட்டளைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போய்வருகிறது. ஒரு முறை போய்வர 1 மில்லிவிநாடி என்றால் பயணத்துக்கே 7 மில்லிவிநாடி போய்விடும். வட்டு எத்தனை வேகமாக இருந்தாலும் ஒற்றை இணைப்பில் விநாடிக்குச் சுமார் 140 பரிவர்த்தனைகளைத் தாண்ட வழியில்லை. இந்தக் கணக்கு சரிதானா?

சரியென்றால், நெட்பெர்ஃப் என்ற இன்னொரு நெட்வொர்க் கருவியின் டிசிபி ஆர்ஆர் சோதனையில் (சிறு கேள்வி போய்ப் பதில் திரும்புவதை அளப்பது) கிடைக்கும் நேரத்தை பிஜிபெஞ்ச் காட்டும் தாமதத்திலிருந்து கழித்துத் தரவுத்தளத்தின் பங்கைப் பிரிப்பது முறையா? அல்லது அது குத்துமதிப்புதானா?

இணைப்புகளைக் கூட்டச் சொல்லாதீர்கள். மொத்த எண் ஏறும், பயனர் காத்திருக்கும் நேரம் குறையாது. போஸ்ட்கிரெஸ் 14இல் வந்த பைப்லைன் வசதியை (ஒவ்வொரு பதிலுக்கும் காத்திராமல் கட்டளைகளைத் தொடர்ந்து அனுப்புவது) பிஜிபெஞ்சில் சோதித்தவர்கள் இருந்தால், முன்பின் எண்களோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.